தொப்பூர்க் கணவாயும் வழிக்கணக்கும்



பள்ளியில் கணக்குப் பாடம் பயின்ற எவரும் எளிதில் மறக்க இயலாத கணக்கு வகை ஒன்று உண்டு. ஒருவன் ஓர் ஊரிலிருந்து மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறான். அவன் சென்று சேரும் ஊர் இத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவன் எப்பொழுது போய்ச் சேருவான்? இதுவே வழிக்கணக்கு. சிலருக்கு இது விளையாட்டு. சிலருக்கோ தேர்வு நாளின் அச்சம். தூரத்தை வேகத்தால் வகுப்பதா, வேகத்தைக் காலத்தால் பெருக்குவதா என்று மயங்கி, விடை வந்தால் போதும் என எழுதிவிட்டு அடுத்த கணக்கிற்குத் தாவுவோர் பலர்.

இந்தச் சிறு கணக்கிற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. வணிகர் நடந்த பெருவழிகளும், படைகள் ஓடிய மலைப்பாதைகளும், நிலத்தைச் சங்கிலியால் அளந்த அறிஞர்களின் உழைப்பும் அதனுள் அடங்கியிருக்கின்றன. அவ்வரலாற்றைச் சொல்லுவதற்குத் தமிழ்நாட்டில் மிகவும் பொருத்தமான இடங்களுள் ஒன்று தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர். சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், தருமபுரிப் பக்கத்து மேட்டு நிலம் சேலத்துச் சமவெளியை நோக்கி இறங்குகின்ற கணவாயில் அமைந்த ஊர் அது. வடக்கே பெங்களூருக்கும் தெற்கே மதுரை, கன்னியாகுமரி வரையிலும் செல்லும் ஊர்திகள் இரவு பகலாக அக்கணவாயைக் கடந்துகொண்டே இருக்கின்றன.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். ஔவையாருக்கு நெல்லிக்கனி அளித்தவன் என்று தமிழுலகம் போற்றும் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் அதுவே. அம்மரபின் பெயர் சங்க காலத்தோடு மறைந்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னர், கி.பி. 13-ஆம் நூற்றாண்டில், இப்பகுதியில் சென்ற வணிகப் பெருவழி ஒன்று 'அதியமான் பெருவழி' என்றே வழங்கிற்று. இதனை நாம் எவ்வாறு அறிகிறோம்? அவ்வழியின் ஓரத்தில் நடப்பட்டிருந்த தொலைவுக் கற்கள் தருமபுரிப் பகுதியில் கிடைத்துள்ளன. நாவல் தாவளம் என்னும் இடத்திற்கு 27 காதம் என்று ஒரு கல் கூறுகிறது. 29 காதம் என்று மற்றொரு கல் கூறுகிறது. தாவளம் என்பது வணிகர் தங்கும் இடம். ஆகவே, அக்கற்கள் யாருக்காக நடப்பட்டன என்பது தெளிவு. பொதி சுமந்த மாடுகளுடன் நெடுந்தொலைவு நடந்த வணிகக் கூட்டத்தாருக்காகவே அவை நடப்பட்டன.

அக்கற்களில் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தொலைவை எழுத்தில் பொறித்ததோடு அமையாமல், குழிகளாலும் குறித்துள்ளனர். பத்து என்பதற்குப் பெரிய குழி ஒன்று. ஒன்று என்பதற்குச் சிறிய குழி ஒன்று. இருபத்தொன்பது எனின், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் ஆகும். எழுத்தறியாத வழிப்போக்கன் தன் விரலால் குழிகளைத் தடவிப் பார்த்தே தொலைவை அறிந்துகொள்ளலாம். கல்வி எல்லார்க்கும் எட்டாதிருந்த காலத்தில், தொலைவு பற்றிய அறிவு மட்டுமேனும் எல்லார்க்கும் எட்டவேண்டும் என்று கருதிய அம்மக்களின் பரிவு எத்துணைப் பெரிது!

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கல் 29 காதம் என்கிறது. மற்றொன்று 27 காதம் என்கிறது. இரண்டும் ஒரே வழியில் நின்றவை எனக் கொண்டால், அவற்றிடையே உள்ள தொலைவு என்ன? கழித்தால் 2 காதம். இது மிக எளிது. ஆனால் இரண்டு காதம் நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? இங்கேதான் நம் முன்னோரின் அளவை முறை ஒரு புதிய செய்தியை நமக்குச் சொல்லுகிறது.

பண்டைத் தமிழர் ஒரு நாளை அறுபது நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது இன்றைய 24 நிமிடம். ஒரு நாழிகை நேரத்தில் ஒருவன் நடந்து செல்லும் தொலைவு 'நாழிகை வழி' எனப்பட்டது. இத்தகைய நாழிகை வழிகள் ஏழு சேர்ந்தது ஒரு காதம் என்றும், ஏழரை சேர்ந்தது ஒரு காதம் என்றும் இருவகையாகக் கூறுவர். ஏழரை நாழிகை என்பது சரியாக மூன்று மணி நேரம். அதுவே ஒரு யாமம். ஆகவே, ஒரு யாமம் நடந்தால் ஒரு காதம் கடந்ததாகும். அதியமான் பெருவழியில் அவ்விரு கற்களுக்கிடையே நடப்பவனுக்கு இரண்டு யாமம், அஃதாவது ஆறு மணி நேரம், ஆகியிருக்கும்.

நண்பர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். இன்றைய கணக்குப் புத்தகத்தில் வழிக்கணக்கு என்றால் தூரம், காலம், வேகம் ஆகிய மூன்றும் வருகின்றன. காதத்தால் கணக்கிட்டவனுக்கோ வேகம் என்ற ஒன்று தனியே தேவைப்படவில்லை. தூரத்தைச் சொன்னவுடனேயே காலமும் தெரிந்துவிடுகிறது. ஏனெனில், மனிதனின் நடை வேகம் அந்த அளவையின் உள்ளேயே அடங்கியிருக்கிறது. எல்லாரும் நடந்தே சென்ற உலகில், எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சென்ற உலகில், இம்முறை போதுமானதாக இருந்தது.

இவ்வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பாரசீகத்தார் தொலைவை அளந்த 'பர்சக்' என்பது ஏறத்தாழ ஒரு மணி நேர நடையைக் குறித்தது. 'மைல்' என்னும் சொல்லோ உரோமர் தம் படைவீரரின் ஆயிரம் இரட்டை அடிகளைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. நம் நாட்டிலும் 'கூப்பிடு தூரம்' என்ற ஓர் அளவை உண்டு. ஒருவன் உரக்கக் கூப்பிட்டால் மற்றொருவன் செவியில் விழும் தொலைவே அது. மனிதனின் கால், மனிதனின் குரல் ஆகிய இவையே உலகின் முதல் அளவுகோல்கள்.

அவ்வாறாயின், ஒரு காதம் இன்றைய கணக்கில் எத்தனை கிலோமீட்டர்? அகராதிகள் பல அதனை ஏறத்தாழப் பத்து மைல் என்று கூறுகின்றன. கோலால் அளந்து கூறும் சில பழைய வாய்பாடுகளில் அது மிகவும் குறைந்த நீளமாகவும் வருகிறது. நூல்கள் ஒத்துப்போகாதபோது கற்களைக் கேட்பது நலம். சேலம் மாவட்டத்தில் ஆத்தூருக்குக் கிழக்கே ஆறகழூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கேயும் பழைய தொலைவுக் கல் ஒன்று உண்டு. மகதேசன் பெருவழி என்ற வழியில், காஞ்சிபுரம் 16 காதம் என்பது அக்கல் தரும் செய்தி. காஞ்சிபுரம் எங்கே இருக்கிறது என்பதில் ஐயம் இல்லை. ஆதலின், இக்கல் நமக்கு ஓர் அழகிய கணக்கைத் தந்துவிடுகிறது.

ஆறகழூரிலிருந்து காஞ்சிபுரத்திற்கு நிலப்படத்தில் நேர்கோடு இழுத்தால் அஃது ஏறத்தாழ 170 கிலோமீட்டர் இருக்கும். வழிகள் நேர்கோட்டில் செல்வதில்லை; ஆற்றுத் துறையையும் ஊரையும் நாடி வளைந்தே செல்லும். ஆகவே, நடந்த வழியை 190 கிலோமீட்டர் எனக் கொள்வோம். 190-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 12-க்குச் சற்றே குறைவு. ஆகவே, அக்கல்லை நட்டவர்களின் காதம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் எனலாம். அதனை மூன்று மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வேகம் கிடைக்கிறது. சுமையோடு நெடுவழி நடக்கும் மனிதனுக்கும் மாட்டிற்கும் அது மிகவும் இயல்பான வேகம் அன்றோ? எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தவர்களின் நடை வேகத்தை ஒரு வகுத்தல் கணக்கினால் நாம் இன்று கண்டுகொண்டோம். நாம் கொண்ட 190 என்பது ஒரு மதிப்பீடே. அது பத்துக் கிலோமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் வேகம் பெரிதும் மாறிவிடாது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தொப்பூரிலிருந்து தருமபுரி ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஆறகழூர்க் கல்லின் கணக்கில் அது 2 காதம். இரண்டு யாமம் நடக்கும் வழி. ஆனால் இங்கே ஒரு தடை குறுக்கிடுகிறது. தொப்பூருக்கு வடக்கே வழி ஏறுகிறது. ஏற்றத்தில் நடை தளரும், இறக்கத்தில் விரையும். ஒரே வழி, போகும்போது ஒரு காலமும் வரும்போது வேறொரு காலமும் கொள்ளும். அப்படியானால், நாழிகையால் அளந்தவனுக்கு அந்த வழியின் தொலைவு எது? ஏறும்போது கண்டதா, இறங்கும்போது கண்டதா? பழைய சீன நாட்டில் மலைவழியில் ஏறுவோரிடம் ஒரு தொலைவையும் இறங்குவோரிடம் வேறொரு தொலைவையும் சொல்லும் வழக்கம் இருந்ததென்று அங்கே பயணம் செய்தோர் எழுதியுள்ளனர். கேட்போருக்கு நகைப்பாகத் தோன்றலாம். நடையையே அளவுகோலாகக் கொண்டவர்க்கு அது நேர்மையான விடையே ஆகும்.

மலைவழியில் மாணவர் பெரும்பாலும் தவறும் ஒரு கணக்கை இப்பொழுது காண்போம். கணவாய் வழி 6 கிலோமீட்டர் எனக் கொள்வோம். ஒரு மாட்டுவண்டி மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. திரும்பும்போது மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. போக்குவரவு முழுவதற்கும் அதன் சராசரி வேகம் என்ன? இரண்டையும் நான்கையும் கூட்டி இரண்டால் வகுத்து, 3 என்று விடை கூறுவோர் பலர். அது தவறு. ஏறுவதற்கு 3 மணி நேரம். இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம். மொத்தத் தொலைவு 12 கிலோமீட்டர். மொத்தக் காலம் நாலரை மணி. 12-ஐ நாலரையால் வகுத்தால் 2⅔ கிலோமீட்டரே வருகிறது. காரணம் யாது? வண்டி மெதுவாகச் சென்ற காலம் மூன்று மணி நேரம். விரைவாகச் சென்ற காலம் அதில் பாதியே. விரைவில் பெற்ற ஆதாயம், தளர்வில் இழந்த காலத்தை ஈடு செய்வதில்லை. இவ்வுண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

வழிக்கணக்கில் மற்றொரு வகை, ஒருவனை ஒருவன் துரத்திப் பிடிப்பது. இது மிகப் பழமையானது. 'ஒன்பது அதிகாரங்கள்' எனப்படும் பழஞ்சீனக் கணக்கு நூலில் இது வருகிறது. விரைந்து நடப்பவன் 100 அடி வைக்கும் நேரத்தில் மெதுவாக நடப்பவன் 60 அடி வைக்கிறான். மெதுவாக நடப்பவன் 100 அடி முன்னே சென்றுவிட்டால், மற்றவன் எத்தனை அடியில் அவனைப் பிடிப்பான்? விடை, 250 அடி. நம் நாட்டிலோ, கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தில் ஆரியபட்டர் இதற்குப் பொதுவிதியையே வகுத்துவிட்டார். இரண்டு பொருள்கள் எதிரெதிரே வருமாயின் இடைத்தொலைவை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். ஒரே திசையில் செல்லுமாயின் வேகங்களின் வேறுபாட்டால் வகுக்கவேண்டும். கோள்களின் சந்திப்பைக் கணிக்க அவர் கூறிய அவ்விதியே இன்று ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் புகைவண்டிக் கணக்கிற்குக் கையாளும் விதி.

தொப்பூர்க் கணவாய் இத்தகைய துரத்தல் கணக்கு ஒன்றை மெய்யாகவே கண்டிருக்கிறது. 1790-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகள் அப்பொழுது பாராமகால் என்ற பெயரோடு திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தன. ஆங்கிலேயப் படைப்பகுதி ஒன்று அங்கே புகுந்திருந்தது. சென்னை ஆளுநராகவும் படைத்தலைவராகவும் இருந்த மெடோஸ் மற்றொரு பெரும்படையுடன் வந்து அதனோடு சேர முற்பட்டார். திப்பு சுல்தான் அவ்விரு படைகளுக்கும் அகப்படாமல் தெற்கே செல்ல விரும்பினார். தெற்கே இறங்கும் வழி தொப்பூர்க் கணவாய். இரு தரப்புப் படைகளும் அக்கணவாயை நோக்கியே விரைந்தன. முடிவில் திப்புவின் படை பின்தொடர்ந்தோரின் கையில் சிக்காமல் கணவாயைக் கடந்து, திருச்சிராப்பள்ளிச் சீமையை நோக்கிச் சென்றுவிட்டது.

இதில் அடங்கிய கணக்கை நாமே எண்கள் அமைத்துப் பார்ப்போம். முன் செல்லும் படை மணிக்கு 4 கிலோமீட்டர், பின்தொடரும் படை மணிக்கு 5 கிலோமீட்டர், இடைத்தொலைவு 12 கிலோமீட்டர் எனக் கொள்வோம். ஆரியபட்டரின் விதிப்படி, வேகங்களின் வேறுபாடு 1. ஆகவே 12 மணி நேரத்தில் பின்படை முன்படையைப் பிடித்துவிடும். ஆனால் கணவாய் முன்படையிலிருந்து 24 கிலோமீட்டரில் இருந்தால்? முன்படை 6 மணி நேரத்தில் அங்கே சேர்ந்துவிடும். அதற்குள் பின்படை 30 கிலோமீட்டர் வந்திருக்கும். கணவாய்க்கு இன்னும் 6 கிலோமீட்டர் இருக்கும். விரைவில் மிக்கவன் தோற்கிறான், தளர்ந்தவன் தப்புகிறான். ஆகவே, எவன் விரைவாகச் செல்கிறான் என்ற வினா மட்டும் போதாது. எவ்வளவு தொலைவுக்குள், எவ்வளவு காலத்திற்குள் என்ற வினாக்களும் வேண்டும். மூன்றையும் தனித்தனியே அறிந்தவனே விடை காண்பான்.

1792-இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடு என்பவரும், அவருக்குத் துணைவராக வந்து பின்னாளில் சென்னை ஆளுநராக உயர்ந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து வரி வகுத்தனர். அதற்கு நாழிகை வழி உதவாது. கோலும் சங்கிலியும் வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து, 1802-இல், வில்லியம் லாம்டன் என்னும் அறிஞர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே நிலத்தில் ஒரு கோட்டை அளந்தார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். நடப்பவனுக்கு அது மூன்று மணி நேரத்திற்கும் குறைந்த வழி. லாம்டனோ நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நானூறு முறை வைத்து, வெயிலின் வெப்பத்தால் சங்கிலி நீளுவதையும் கணக்கில் கொண்டு, பல வாரங்கள் உழைத்து அதனை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணிக்கு அக்கோடே அடிப்படையாயிற்று.

அங்கே நிகழ்ந்தது என்ன? தூரம் காலத்தினின்றும் பிரிக்கப்பட்டது. நடப்பவன் இளைஞனாயினும் முதியவனாயினும், வழி ஏற்றமாயினும் இறக்கமாயினும், தூரம் தூரமே என்றாயிற்று. பின்னர் 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் தென்னாட்டின் முதல் புகைவண்டி ஓடியபோது, அப்பிரிவு அன்றாட வாழ்விலும் தேவையாயிற்று. நடப்பவன் ஒரு வேகம், வண்டி ஒரு வேகம், புகைவண்டி ஒரு வேகம். இனி 'நாழிகை வழி' என்றால், யாருடைய நாழிகை வழி என்று கேட்கவேண்டியிருந்தது. அளவையினுள் மறைந்து கிடந்த வேகம் வெளியே வந்து, தனியொரு பெயரோடு நின்றது. புகைவண்டிகள் எதிரெதிரே விரையும் கணக்குகள் நம் பாடநூல்களில் இடம்பெற்றதன் பின்னணி இதுவே. 1956-இல் இந்திய நாடாளுமன்றம் மெட்ரிக் அளவைகளுக்குச் சட்டம் இயற்றியது. அதன்பின் சாலையோரக் கற்களில் மைல் மறைந்து கிலோமீட்டர் இடம்பெற்றது. ஆயினும் நாம் இன்றும் அவற்றை 'மைல்கல்' என்றே வழங்குகிறோம்.

நண்பர்களே, வேகம் தனியாக வெளிவந்தது அறிவின் வெற்றி. ஆனால் அவ்வெற்றியோடு ஒரு பொறுப்பும் வந்தது. நடப்பவன் தன் வேகத்தைப் பெரிதாகக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. இயற்கையே அவனுக்கு எல்லை வகுத்திருந்தது. இன்று வேகத்தை எவ்வளவு வைப்பது என்பது ஓட்டுநரின் காலடியில் இருக்கிறது. தொப்பூர்க் கணவாயில் அதன் பொருளைக் கண்கூடாகக் காணலாம். தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் அச்சாலையில், இரட்டைப் பாலம் எனப்படும் இடத்தருகே, கட்டுப்பாட்டை இழந்த லாரிகளால் நேர்ந்த விபத்துகள் பல. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நேர்ந்த கோர விபத்துகளில் பல உயிர்கள் மாய்ந்தன. எரிபொருளை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தால் கியரை விடுத்து இறக்கத்தில் வண்டியை உருளவிடும் வழக்கமும் இத்தகைய விபத்துகளுக்கு ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. அவ்வாறு செய்யும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுவதில்லை. பளு முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்குகிறது. அது சூடேறித் தன் வலிமையை இழக்கிறது.

விரைந்து இறங்குவதால் கிடைக்கும் ஆதாயம் என்ன? அதையும் வழிக்கணக்கே சொல்லட்டும். முன்போலவே கணவாய் வழி 6 கிலோமீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் 12 நிமிடம் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் 6 நிமிடம் ஆகும். மிச்சமாவது 6 நிமிடமே. பெங்களூரிலிருந்து சேலம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சராசரி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அப்பயணத்திற்கு 4 மணி நேரம், அஃதாவது 240 நிமிடம் ஆகும். 240-இல் 6 என்பது நாற்பதில் ஒரு பங்கு. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயின்றோர் அதனை 'அரைமா' என்பர். பயணத்தில் மிச்சமாவது அரைமா நேரம்!

அதற்குக் கொடுக்கும் விலை என்ன? வேகம் இருமடங்கானால், வண்டியின் இயக்க ஆற்றல் இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. அதனை நிறுத்தத் தேவையான தொலைவும், பிரேக் ஒரே வலிமையோடு இயங்கும் எனக் கொண்டால், சமதரையிலேயே நான்கு மடங்காகிறது. இறக்கத்தில் வண்டியின் பளுவும் அதனை முன்னே தள்ளுவதால் நிலைமை இன்னும் கடினமாகிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகுமெனின், 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 8 மீட்டருக்குச் சற்று மேல் சென்றுவிடும். 60 கிலோமீட்டர் வேகத்திலோ ஏறத்தாழ 17 மீட்டர் சென்றுவிடும். அப்பதினேழு மீட்டருக்குள் முன்னே செல்லும் வண்டியும் அதில் அமர்ந்த குடும்பமும் இருக்கக்கூடும். அரைமா ஆதாயத்திற்கு நான்கு மடங்கு ஆபத்து என்பது எந்த வணிகனும் ஒப்புக்கொள்ளாத கணக்கு.

மாட்டுவண்டிக் கணக்கில் நாம் கண்ட உண்மையும் இங்கே துணை நிற்கிறது. ஏற்றத்திலும் நெரிசலிலும் தளர்ந்த காலத்தை இறக்கத்தில் விரைந்து மீட்டுவிடலாம் என்று எண்ணுவது, இரண்டையும் நான்கையும் கூட்டி இரண்டால் வகுத்த மாணவனின் பிழையைப் போன்றதே. தேர்வுத் தாளில் அப்பிழைக்கு மதிப்பெண் குறையும்; மலைச்சாலையில் அதே பிழைக்கு உயிர் போகும். வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே, இனி ஒரு வழிக்கணக்கைக் காணும்போது வாய்பாட்டைத் தேடி உடனே ஓடாதீர்கள். முதலில் மூன்று வினாக்களைக் கேளுங்கள். தூரம் எவ்வளவு? காலம் எவ்வளவு? வேகம் எவ்வளவு? எது தரப்பட்டிருக்கிறது, எது மறைந்திருக்கிறது என்று பிரித்து எழுதுங்கள். வேகம் வழி நெடுக ஒன்றாகவே இருந்ததா, இடையில் மாறியதா என்றும் பாருங்கள். மாறியிருப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் காலத்தைத் தனியே காணுங்கள், அதன்பின் கூட்டுங்கள். விடை கிடைத்தபின், அது நடக்கக்கூடியதா என்று மனக்கண்ணால் அவ்வழியில் நடந்து பாருங்கள். மனிதன் மணிக்கு 40 கிலோமீட்டர் நடந்ததாக விடை வந்தால், பிழை எங்கோ புகுந்திருக்கிறது என்று அப்பொழுதே தெரிந்துவிடும்.

அதியமான் பெருவழியில் கல் நட்டவர்கள், எழுத்தறியாதவனும் தன் வழியை அறியவேண்டும் என்று குழி பறித்து வைத்தார்கள். எழுத்தும் எண்ணும் அறிந்த நாம், அவர்கள் நடந்த அதே மண்ணில் நம் வேகத்தை அறிந்து செல்ல வேண்டாமா? உங்களுள் சிலர் நாளை அச்சாலையில் வண்டி ஓட்டுவீர்கள். சிலர் அச்சாலையையே திருத்தி அமைக்கும் பொறியாளர் ஆவீர்கள். எப்பணியில் அமர்ந்தாலும், பள்ளியில் பயின்ற இந்த எளிய கணக்கு உங்களுடன் வரட்டும்.